எபிசோட் 37: கோல்ச்சக் ஏரிக்கு ஒரே நாளில் போய்ட்டு வர்றது எப்படி?

போன எபிசோடுக்கு அப்புறம் இன்பாக்ஸ்ல வந்த கேள்விகள்ல பாதி ஒரே கேள்விதான். "ப்ரோ, இன்ஸ்டாகிராம்ல அந்தப் பச்சை நீல ஏரி பார்த்தேன், சியாட்டில் பக்கமாம், வீக்கெண்ட்ல போய்ட்டு வந்துடலாமா?" போகலாம். நான் போயிருக்கேன், ரெண்டு தடவை. முதல் தடவை போனதை வெச்சு யாரும் எதுவும் கத்துக்கக் கூடாது, எப்படிப் போகக் கூடாது என்பதைத் தவிர. அதனால அதை முதல்ல சொல்லிட்டு, பிறகு திட்டத்துக்கு வர்றேன்.

ஏரி பேரு கோல்ச்சக். வாஷிங்டன் மாநிலத்தில், காஸ்கேட் மலைத்தொடரில், லெவன்வொர்த் என்கிற ஊருக்குப் பக்கத்தில் இருக்கு. கடல் மட்டத்திலிருந்து 5,580 அடி. இந்தப் பக்கத்துப் பழங்குடிகளும் வெளியிலிருந்து வந்த வியாபாரிகளும் பேசிக்கொண்ட சினூக் ஜார்கன் என்ற கலப்பு மொழியில் கோல்ச்சக் என்றால் 'குளிர்ந்த தண்ணி'. பேர் வெச்சவங்க பொய் சொல்லலை. காலை விட்டுப் பாருங்க, தெரியும்.

போக நாலு மைல், வர நாலு மைல். மொத்தம் 8 மைல், நம்ம கணக்கில் கிட்டத்தட்ட 13 கிலோமீட்டர். ஏற்றம் 2,280 அடி. ஒரு மாடிக்குப் பத்து அடி என்று வெச்சுக்கிட்டா 228 மாடி. "அட, 13 கிலோமீட்டர்தானே, நான் ஆபீஸ்லயே பத்தாயிரம் ஸ்டெப் நடக்கிறேன்" என்று நானும் நினைச்சேன். நான் கோயம்புத்தூர்ல படிச்சவன். காலேஜ் நாட்கள்ல மூங்கில் தடி ஊன்றி வெள்ளியங்கிரி ஏழு மலையும் ராத்திரியோட ராத்திரியா ஏறினவன் என்கிற திமிர் வேற இருந்துச்சு.

வெள்ளியங்கிரி ஏறினவங்களுக்கு ஒண்ணு தெரியும். சீசன்ல அங்க தனியா இருக்கவே முடியாது. முன்னாடி நூறு பேர், பின்னாடி நூறு பேர். வழியில சுக்கு காபி கிடைக்கும், சோடா கிடைக்கும். கால் பிடிச்சா யாராவது "உக்காருப்பா" என்று சொல்லித் தண்ணி கொடுப்பாங்க. கோல்ச்சக் இருக்கிறது ஆல்பைன் லேக்ஸ் வில்டர்னஸ் என்ற பகுதியில். இங்க 'வில்டர்னஸ்' என்பது விளம்பரத்துக்காகப் போட்ட வார்த்தை கிடையாது, சட்டத்தில் இருக்கிற வார்த்தை. 1964-ல் அமெரிக்காவில் வந்த வில்டர்னஸ் சட்டத்தின் கீழ் ஒரு இடத்தை அறிவிச்சுட்டா, உள்ள கடை கிடையாது, ரோடு கிடையாது, மோட்டார் கிடையாது, சைக்கிள் கூடக் கிடையாது. ட்ரோன் பறக்க விட முடியாது. பாதையில மரம் விழுந்தால், அதை வெட்டுறவங்களே மோட்டார் ரம்பம் எடுத்துட்டுப் போக மாட்டாங்க. ரெண்டு பேர் ரெண்டு பக்கம் பிடிச்சு இழுக்கிற பழைய காலத்துக் கை ரம்பம்தான். இந்த ஏரி இருக்கிற பகுதியை 1976-ல் அப்படி அறிவிச்சாங்க. அதனாலதான் அது இன்னும் அவ்வளவு அழகா இருக்கு. ஏதாவது ஆச்சுன்னா உதவி வர அத்தனை நேரம் ஆகறதுக்கும் காரணம் அதேதான்.

முதல் தடவை போனது ஒரு அக்டோபர் முதல் வாரம். நாலு பேர், எல்லாரும் ரூம்மேட்ஸ். பெல்வியூல இருந்து காலை ஏழரைக்குக் கிளம்பினோம். ஏழரை என்பதே எங்களுக்குச் சாதனை. யு.எஸ். 2 ஹைவேயில் ஸ்டீவன்ஸ் பாஸ் தாண்டி லெவன்வொர்த் வந்தோம். அந்த ஊர் மொத்தமும் ஜெர்மனியின் பவேரியா கிராமம் மாதிரி கட்டி வெச்சிருப்பாங்க. மரம் வெட்டும் தொழில் போய் ஊர் நொடிச்ச பிறகு, சுற்றுலாவுக்காக 1960-கள்ல எடுத்த முடிவு அது. அங்க நின்னு சாப்பிட்டோம், போட்டோ எடுத்தோம். பிறகு ஐசிக்கிள் ரோடு, அதுல இருந்து எய்ட்மைல் ரோடு என்கிற மண் ரோட்டில் கிட்டத்தட்ட நாலு மைல். பார்க்கிங் நிரம்பி, ரோட்டோரத்திலும் கார்கள் வரிசை. ஒன்றரை மைல் கீழே இடம் கிடைச்சது. 8 மைல் பயணம் அங்கேயே 11 மைல் ஆயிடுச்சு. நாங்க யாரும் அதைக் கணக்கில் சேர்க்கலை.

மலைப்பாதை ஆரம்பிக்கும் இடத்துக்கு நடந்து வந்தப்போ மணி பன்னிரண்டு. ஏரியைப் பார்த்தப்போ நாலு. அக்டோபர் முதல் வாரத்தில் அங்க சூரியன் ஆறரை வாக்கில் அஸ்தமிக்கும். மலை நிழல் அதுக்கு ரொம்ப முன்னாடியே விழுந்துடும். நாங்க ஏரிக்கரையில் முக்கால் மணி நேரம் உட்கார்ந்தோம். கீழே இறங்க ஆரம்பிச்சு அரை மணி நேரத்தில் ஒருத்தனுக்கு முட்டி பிடிச்சுக்கிச்சு. பேர் வேண்டாம், அவன் இந்த எபிசோடைக் கேட்பான். செங்குத்தான அந்த ஒன்றரை மைலை இறங்கவே எங்களுக்கு ரெண்டு மணி நேரம் ஆச்சு. அதுக்குக் கீழே ஒரு பாறைக்குவியல் வரும், கார் சைஸ்ல பாறைகள் ஒண்ணு மேல ஒண்ணு. அங்க வந்தப்போ இருட்டிடுச்சு. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு தலைவிளக்கு, அப்புறம் போன் டார்ச்.

அவன் போட்டிருந்தது ஜீன்ஸ், காட்டன் ஹூடி. ஏறும்போது வேர்த்து நனைஞ்சது, இறங்கும்போது காயலை. பருத்தி ஈரமானா உடம்புச் சூட்டை உறிஞ்சிட்டு அப்படியே நிற்கும். எங்க கூட்டத்திலேயே வாய் ஓயாதவன் அவன்தான். திடீர்னு பேச்சு நின்னுச்சு. பிறகு தடுமாற ஆரம்பிச்சான். தண்ணி பாட்டில் மூடியைத் திறக்க முடியலை, விரல் கேட்கலை. அப்புறம் ஒரு பாறையில உட்கார்ந்து ரொம்ப நிதானமா சொன்னான்: "நான் இங்கேயே இருக்கேன்டா, நீங்க போய்ட்டுக் காலையில வாங்க." அவன் ஜோக் அடிக்கிறான்னு நான் சிரிச்சேன். இன்னிக்கு வரைக்கும் எனக்கு உறுத்துறது அந்தச் சிரிப்புதான். வாய் குழறறது, கால் தடுமாறறது, கை வேலை செய்யாம போறது, சம்பந்தமில்லாத முடிவு எடுக்கிறது, இந்த நாலும் சேர்ந்து வந்தா உடம்பு வெப்பம் இறங்க ஆரம்பிச்சுடுச்சு என்று அர்த்தம். ஹைப்போதெர்மியா. அதுக்குப் பனி கொட்ட வேண்டியதில்லை. பத்து டிகிரி போதும், ஈரமும் காற்றும் களைப்பும் கூட இருந்தா.

எங்களைக் காப்பாத்தினது எங்க புத்தி கிடையாது. மேல இருந்து இறங்கி வந்த ரெண்டு மலையேறிகள். ஐம்பது வயசுக்கு மேல இருக்கும். எங்களைத் திட்டலை, ஒரு கேள்வி கூடக் கேட்கலை. நனைஞ்ச ஹூடியைக் கழட்டச் சொல்லி, தன் பையில இருந்து ஒரு இறகு ஜாக்கெட்டை எடுத்து அவனுக்குப் போட்டு விட்டு, சாக்லேட்டைச் சாப்பிட வெச்சு, கூடவே நடந்தாங்க. காருக்கு வந்தப்போ ராத்திரி 10:40. அந்த நேரத்தில் நாங்க எங்க இருக்கோம்னு உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது. ஊர்ல அம்மாவுக்கு, பையன் சனிக்கிழமை தூங்கிட்டு இருக்கான்னு நினைப்பு.

சரி, இப்போ திட்டம்.

முதல் வேலை, நாள் குறிக்கிறது. எய்ட்மைல் ரோடு குளிர்காலத்தில் மூடியிருக்கும், வசந்த காலத்தில்தான் திறப்பாங்க. ஜூன்லயும் மேல பாதையில பனி கிடக்கலாம். அதனால ஜூலை முதல் அக்டோபர் ஆரம்பம் வரைக்கும்தான் நம்ம மாதிரி ஆட்களுக்குச் சரியான காலம். ஜூலையில கொசு பிடுங்கும். ஆகஸ்ட், செப்டம்பர்ல காட்டுத்தீ புகை வரலாம். செப்டம்பர் கடைசியில லார்ச் மரங்கள் தங்க நிறத்துக்கு மாறும், ஊசியிலை மரமா இருந்தும் இலை உதிர்க்கிற அபூர்வ ஜாதி அது. அதைப் பார்க்க வாஷிங்டன் மாநிலமே திரண்டு வரும். என்னைக் கேட்டா ஜூலை கடைசி. காரணம் பகல் வெளிச்சம். சூரியன் கிட்டத்தட்ட ஒன்பது மணி வரைக்கும் இருக்கும். முதல் தடவை போறவங்களுக்கு வெளிச்சத்தை விடப் பெரிய இன்ஷூரன்ஸ் கிடையாது. வார நாள்ல லீவு போட முடிஞ்சா போடுங்க. கோடை வீக்கெண்ட்ல அந்தப் பார்க்கிங் விடியறதுக்குள்ளேயே நிரம்பிடும்.

அனுமதிச் சீட்டு விஷயத்தில் நிறைய பேர் குழம்பறாங்க. ராத்திரி தங்கறதுக்குத்தான் லாட்டரி. பிப்ரவரியில ரெக்ரியேஷன் டாட் கவ் தளத்தில் விண்ணப்பிக்கணும், கிடைச்சா உங்க அதிர்ஷ்டம். ஒரே நாள்ல போய்ட்டு வர்றதுக்கு லாட்டரி கிடையாது. பாதை தொடங்கற இடத்தில் ஒரு பெட்டி இருக்கும், அதுல படிவம் இருக்கும். இலவசம்தான். எழுதி, ஒரு பகுதியைப் பெட்டியில போட்டுட்டு, மீதியைக் கையோட வெச்சுக்கணும். மே 15 முதல் அக்டோபர் 31 வரைக்கும் இது கட்டாயம். ஒரு குழுவில் எட்டு பேருக்கு மேல கூடாது, அதனால ஆபீஸ் டீம் மொத்தத்தையும் கூட்டிட்டுப் போற ஆசை இருந்தா விட்டுடுங்க. நாய்க்கும் அனுமதி கிடையாது. கார் நிறுத்த நார்த்வெஸ்ட் ஃபாரஸ்ட் பாஸ் தனியா வேணும். நான் வாங்கினப்போ ஒரு நாளுக்கு 5 டாலர், வருஷத்துக்கு 30. தேசியப் பூங்காக்களுக்கான வருஷ பாஸ் வெச்சிருந்தா அதுவே போதும்.

இப்போ எனக்குப் பிடிச்ச பகுதி, நேரக் கணக்கு. ஆபீஸ்ல ஸ்ப்ரிண்ட் எஸ்டிமேட் தப்பாப் போனா ரிலீஸ் தள்ளிப்போகும், அவ்வளவுதான். இங்க தப்பாப் போனா என்ன ஆகும்னு மேலயே சொல்லிட்டேன்.

1892-ல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி ஒரு சூத்திரம் சொன்னார். மூணு மைலுக்கு ஒரு மணி நேரம். அதோட, ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் கூடுதலா ஒரு மணி நேரம். கோல்ச்சக்குக்குப் போட்டுப் பாருங்க. நாலு மைல், ஒரு மணி இருபது நிமிஷம். 2,280 அடி ஏற்றம், ஒரு மணி எட்டு நிமிஷம். மொத்தம் ரெண்டு மணி இருபத்தெட்டு நிமிஷம், அதாவது 148 நிமிஷம். இது நல்ல உடல்வலு உள்ளவங்க நிக்காம நடந்தா ஆகிற நேரம். நாள் முழுக்க நாற்காலியில உட்கார்ந்து கோட் எழுதற நமக்கு இல்லை.

நமக்கு எவ்வளவுன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தெரிஞ்ச ஒரு மலையில் அளந்து பார்க்கணும். சியாட்டில் பக்கம் நார்த் பெண்ட்ல மவுண்ட் சை இருக்கு. அதுவும் போக வர 8 மைல், ஆனா ஏற்றம் 3,150 அடி. நெய்ஸ்மித் கணக்குப்படி மேல போக 175 நிமிஷம். நான் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுப் பையோட ஏறிப் பார்த்தேன், நின்னு மூச்சு வாங்கினதையும் சேர்த்து 3 மணி 40 நிமிஷம். 220-ஐ 175-ஆல் வகுத்தா சுமார் 1.25. அதுதான் என்னோட பெருக்கல் எண். கோல்ச்சக்குக்கு 148 நிமிஷத்தை 1.25-ஆல் பெருக்கினா 185, அதாவது மூணு மணி அஞ்சு நிமிஷம். இறங்க அதுல மூணுல ரெண்டு பங்கு, ரெண்டு மணி நேரம் சொச்சம். ஏரியில ஒரு மணி நேரம். சாப்பிட, தண்ணி பிடிக்க, ஷூ லேஸ் கட்ட, போட்டோ எடுக்க இன்னொரு மணி நேரம். ஏழேகால் மணி நேரம் ஆச்சு. காலை ஆறு மணிக்கு நடக்க ஆரம்பிச்சா மதியம் ஒன்றேகாலுக்குக் காரில் இருக்கணும். அப்போ இருட்டறதுக்கு ஏழு மணி நேரம் மிச்சம் இருக்கு. முட்டி பிடிச்சு ரெண்டு மடங்கு நேரம் ஆனாலும் வெளிச்சத்திலேயே வந்துடலாம். குழுவா போனா, இந்தப் பெருக்கல் எண் குழுவிலேயே மெதுவா நடக்கிறவரோடதா இருக்கணும். முன்னாடி ஓடறவரோடது கிடையாது. மவுண்ட் சை ஏறி முடிக்க முடியலைன்னா, வெட்கமே வேண்டாம், கோல்ச்சக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளுங்க. அந்த ஏரி எங்கேயும் போகாது.

இதுல இருந்து வர்றதுதான் திரும்பும் நேரம். ஏரிக்குப் போனாலும் சரி, போகாட்டாலும் சரி, அந்த மணி அடிச்சா திரும்பணும். அதை வீட்டிலேயே உட்கார்ந்து முடிவு பண்ணணும், ஏன்னா மலையில நாம நியாயமா யோசிக்க மாட்டோம். இவ்வளவு தூரம் வந்துட்டோமே, இன்னும் கொஞ்சம்தானே என்று மனசு வக்கீல் மாதிரி வாதாடும். எங்க கணக்கு: ஆறு மணிக்கு ஆரம்பம், பதினொரு மணிக்குத் திரும்பல்.

வானிலைக்கு போன்ல இருக்கிற ஆப்பை நம்பாதீங்க. அது லெவன்வொர்த் ஊரோட வெப்பநிலையைக் காட்டும். ஊர் இருக்கிறது சுமார் 1,170 அடியில், ஏரி அதுக்கு 4,400 அடி மேல. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறரை டிகிரி செல்சியஸ் குறையும்னு ஒரு சராசரிக் கணக்கு இருக்கு. அதன்படி ஏரி ஊரை விட எட்டு ஒன்பது டிகிரி குளிரா இருக்கும். ஊர்ல இருபது டிகிரி, டீ-ஷர்ட் போதும்னு தோணும். மேல பதினொண்ணு, அதோட காற்று. நேஷனல் வெதர் சர்வீஸ் தளத்தில் வரைபடத்தில் ஏரி மேலேயே க்ளிக் பண்ணினா அந்த உயரத்துக்கான முன்னறிவிப்பு வரும். புகைக்கு ஏர்நவ் தளம். காற்றுத் தரக் குறியீடு 150-ஐத் தாண்டினா அது எல்லாருக்குமே கெடுதல் என்கிற கட்டம்; நுரையீரலை முழுசாத் திறந்து மூச்சு வாங்கற வேலைக்கு அது நாள் கிடையாது. நாங்க இதுக்காகவே ஒரு தடவை முதல் நாள் ராத்திரி ரத்து பண்ணினோம். ரூம் முழுக்கப் புளியோதரை, யாரும் கவலைப்படலை.

பையில என்ன வைக்கிறது? சியாட்டில்ல தி மவுண்டனியர்ஸ் என்ற பழைய மலையேற்றக் கழகம் ஒண்ணு இருக்கு. அவங்க 1930-கள்ல தொகுத்த 'பத்து அத்தியாவசியங்கள்' பட்டியல்தான் இன்னிக்கும் உலகம் முழுக்கச் சொல்லிக் கொடுக்கிறது. முழுப் பட்டியலை இணையத்தில் பார்த்துக்கங்க. எனக்கு உயிர்ப்பாடமா தெரிஞ்ச மூணை மட்டும் சொல்றேன். ஒண்ணு, தலைவிளக்கு, ஆளுக்கு ஒண்ணு, காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும். போன் டார்ச்சைப் பிடிக்க ஒரு கை போயிடும், பாறையில ரெண்டு கையும் வேணும். ரெண்டு, மாத்து உடை. பாலியஸ்டரோ கம்பளியோ, பருத்தி மட்டும் வேண்டாம். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம். உள்ளே ஒரு உலர்ந்த பனியன், மேல ஒரு இறகு ஜாக்கெட், அதுக்கு மேல மழைக்கோட்டு. மூணு, தண்ணியைச் சுத்தம் பண்ண ஒரு ஃபில்டர். ஒரு மணி நேரத்துக்கு அரை லிட்டர்னு வெச்சா மூணரை லிட்டர் வேணும், அதை முழுசாச் சுமக்க வேண்டியதில்லை. பாதை பெரும்பாலும் மவுண்டனியர் ஓடையை ஒட்டியே போகுது, வழியில பிடிச்சுக்கலாம். ஆனா ஃபில்டர் இல்லாம குடிக்காதீங்க. ஓடை எவ்வளவு தெளிவா இருந்தாலும் ஜியார்டியா என்கிற ஒட்டுண்ணி இருக்கலாம். ஒரு வாரம் கழிச்சுத்தான் அது வேலையைக் காட்டும், அப்போ உங்களுக்கு ஓடை ஞாபகமே இருக்காது.

கைத்தடி ரெண்டு எடுத்துட்டுப் போங்க. வெள்ளியங்கிரியில மூங்கில் தடிக்கு இருக்கிற மரியாதை சும்மா வந்ததில்லை. ஏறும்போது மூச்சு வாங்கும், இறங்கும்போதுதான் முட்டி அடி வாங்கும். சாப்பாட்டுக்கு நான் புளியோதரை ஆள். கெட்டுப் போகாது, உப்பும் எண்ணெயும் சேர்ந்திருக்கும், ஆறினாலும் ருசி குறையாது. கடலை மிட்டாயும் கூட. புரோட்டீன் பார் ஆட்களோட நான் சண்டை போடத் தயார், ஆனா இன்னிக்கு வேண்டாம்.

பாதை எப்படி? முதல் ஒன்றரை மைல் காட்டுக்குள்ள மிதமான ஏற்றம், ஓடை சத்தம், பெரிய கஷ்டம் ஒண்ணும் இல்லை. இங்கதான் எல்லாரும் வேகமா நடந்து காலைக் காலி பண்ணிக்கறாங்க. ஒரு மரப்பாலம் வரும், தாண்டினதும் ஏற்றம் கூடும். ரெண்டரை மைல் வாக்கில் பாதை பிரியும். நேரா போனா ஸ்டூவர்ட் ஏரி, இடது பக்கம் கோல்ச்சக். இடது பக்கம் திரும்பி இன்னொரு பாலத்தைத் தாண்டினா அந்தப் பாறைக்குவியல். பாதை அங்க கண்ணுக்குத் தெரியாது. கல் மேல கல் அடுக்கி வெச்ச அடையாளங்களைப் பார்த்துப் போகணும். முன்னாடி போறவரைக் கண்ணை மூடிட்டுப் பின்தொடராதீங்க, அவரும் தொலைஞ்சிருக்கலாம். போன்ல வரைபடத்தை முன்கூட்டியே டவுன்லோட் பண்ணி வெச்சுக்கங்க. ஐசிக்கிள் ரோட்டில் கொஞ்ச தூரம் போனதுமே சிக்னல் போயிடும். அதுக்கப்புறம் கடைசி ஒன்றரை மைல், வேரும் பாறையும் கலந்த படிக்கட்டு மாதிரி, வளைஞ்சு வளைஞ்சு மேல போகும். 'இதோ வந்துடுச்சு' என்று நாலு தடவை ஏமாறுவீங்க.

அப்புறம் ஏரி. எதிர்ல ட்ராகன்டெயில் சிகரம், 8,840 அடி, சுவர் மாதிரி. அந்தப் பச்சை நீலம் பனியாறு அரைச்ச பாறைத் தூள் தண்ணியில மிதக்கிறதால வர்ற நிறம், இன்ஸ்டாகிராம் ஃபில்டர் கிடையாது. குதிக்கணும்னு தோணும். கரையோரமா மெதுவா இறங்குங்க. ஐஸ் தண்ணியில திடீர்னு விழுந்தா மூச்சு தானா உள்ள இழுக்கும், அந்த நொடி தலை தண்ணிக்குள்ள இருந்தா நீச்சல் தெரிஞ்சும் பிரயோஜனம் இல்லை.

மலை ஆடுகள் பக்கத்தில் வரும், வெள்ளை வெளேர்னு. பாசத்தால வரலை, உப்புக்காக வருது. நம்ம வேர்வையிலயும் சிறுநீர்லயும் இருக்கிற உப்புக்கு அதுங்களுக்கு அவ்வளவு ஏக்கம். அதனால 150 அடியாவது தள்ளியே நில்லுங்க. ஒதுங்கப் போனா பாதையை விட்டுத் தள்ளி, செடி இல்லாத பாறை மேல போங்க. செடி மேல போனா உப்புக்காக அதைத் தோண்டியே அழிச்சுடும். இதை ஒரு பாட்காஸ்ட்ல சொல்ல வேண்டி வரும்னு இன்ஜினியரிங் படிச்சப்போ நினைச்சதில்லை.

ஏரியோட அந்தக் கோடியில ஒரு பாறைச் சரிவு தெரியும். அதுதான் ஆஸ்கார்ட் பாஸ். கரையில நின்னு பார்த்தா 'பக்கத்துலதான் இருக்கு, ஏறிட்டு வந்துடலாம்' என்று தோணும். அது 7,800 அடி. அதாவது காலையிலிருந்து நாலு மைல் நடந்து ஏறின அதே உயரத்தை, ஒரு மைலுக்கும் குறைவான தூரத்தில் மறுபடியும் ஏறணும். ஒழுங்கான பாதை கிடையாது, காலடியில கல் நழுவும். கோடை ஆரம்பத்தில் அங்க பனி மூடியிருக்கும், பனிக்கு அடியில ஓடை ஓடிட்டு இருக்கும். அங்க ஆட்கள் இறந்திருக்காங்க, ஒருத்தர் ரெண்டு பேர் கிடையாது. அந்தப் பக்கமா 18 மைல் சொச்சம் நடந்து ஸ்னோ லேக்ஸ் வழியா இறங்குற முழு என்சான்ட்மென்ட்ஸ் பயணம் வேற விஷயம், அதுக்குத் தயாராகி வர்றவங்க வேற ஆட்கள். கோல்ச்சக்குக்குக் கிளம்பின நாள்ல ஆஸ்கார்டைச் சேர்க்காதீங்க.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம், ரெண்டாவது தடவை நான் ஏறக் கிளம்பிட்டேன். அடுத்த வருஷம் ஜூலை கடைசி, ஒரு வெள்ளிக்கிழமை. அதே நண்பனும் வந்தான். எட்டு மாசம் கேட்டுக் கேட்டு, ஒரே நிபந்தனையோட ஒத்துக்கிட்டான்: திரும்பும் நேரத்துக்கு அவன்தான் பொறுப்பு. ஒன்பதே காலுக்கு ஏரியில இருந்தோம், திட்டத்தை விடப் பத்து நிமிஷம்தான் தாமதம். உடம்பு தெம்பா இருந்துச்சு, வானம் சுத்தமா இருந்துச்சு. ஏரியைச் சுத்தி அந்தச் சரிவோட அடிவாரம் வரைக்கும் போனோம், அதுவே பாறை தாண்டித் தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சு. "பாதி வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்டா" என்றேன். அவன் ஒண்ணும் பேசலை. கைத்தடியை ஊன்றி நின்னு மணியைப் பார்த்தான். 10:50. "பத்து நிமிஷம் இருக்கு. பாதிக்குப் போய்ட்டுப் பத்து நிமிஷத்தில் வருவியா?" அவன் குரல்ல கோபம் இல்லை. ஆனா அந்தப் பாறையில உட்கார்ந்து பேசின அதே நிதானம் இருந்துச்சு. நான் பையைத் தூக்கிட்டுத் திரும்பினேன். போன வருஷம் அவன் உட்கார்ந்த பாறையை ரெண்டு பேரும் தாண்டினோம். எது அந்தப் பாறைன்னு பகல்ல எங்களால கண்டுபிடிக்க முடியலை.

கடைசியா ஒண்ணு. கிளம்பறதுக்கு முன்னாடி ஒருத்தருக்கு மெசேஜ் அனுப்புங்க. எந்தப் பாதை, யார் யார், கார் நம்பர் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவோம், எத்தனை மணி வரைக்கும் தகவல் இல்லைன்னா போன் பண்ணணும், யாருக்குப் பண்ணணும். வாஷிங்டன்ல தேடுதல் மீட்புக்குப் பொறுப்பு அந்தந்த கவுண்டி ஷெரிஃப். இந்த இடத்துக்கு ஷெலான் கவுண்டி. புது ஐபோன் இருந்தா சாட்டிலைட் வழியா உதவி கேட்கலாம், அதுக்குன்னு தனிக் கருவிகளும் விக்கறாங்க, இருந்தா நல்லது. ஆனா நீங்க மயங்கிக் கிடந்தா கருவி பட்டனைத் தானா அமுக்கும்னு நம்பி இருக்க முடியாது. வீட்டில மணி பார்த்துட்டு உட்கார்ந்திருக்கிற ஒரு ஆள் அமுக்குவார்.

நாங்க வரத் தங்கிப் போன ரூம்மேட்டுக்கு அனுப்பினோம். 'ஆறு மணி வரைக்கும் தகவல் இல்லைன்னா கூப்பிடு.' மூணு மணிக்கெல்லாம் காரில் இருந்தோம். சந்தோஷத்தில் லெவன்வொர்த்ல நிறுத்தி சாப்பிட உட்கார்ந்தோம், பேச்சு போயிட்டே இருந்துச்சு. போன் ரெண்டும் ஏரோப்ளேன் மோடில் பைக்குள்ள. 5:40-க்குத்தான் அவனுக்கு ஞாபகம் வந்துச்சு. அவசரமா ஆன் பண்ணினா பதினாலு மிஸ்டு கால். ரூம்மேட் ஷெரிஃப் நம்பரை டயல் பண்ணிப் பச்சை பட்டன் மேல கட்டை விரலை வெச்சு உட்கார்ந்திருந்தானாம். ஒரு வாரம் எங்க ரெண்டு பேர்கிட்டயும் அவன் பேசலை. அதனால அந்த மெசேஜ்ல இப்போ ஒரு வரி சேர்த்திருக்கேன்: கார்ல ஏறினதும் ஏரோப்ளேன் மோடை எடுக்கவும்.